சுகர் நோட்டின் பின்பக்கம்

ஜூலை 6

இந்த நோட்டு சுகர் ஆஸ்பத்திரியில் ஜெபக்கனி சிஸ்டர் கொடுத்தது. முன்பக்கத்தில் அவரே கோடு போட்டுக் கட்டம் கட்டியிருக்கிறார். தேதி, காலையில் என்ன சாப்பாடு, மதியம் என்ன, மாத்திரை போட்டாச்சா, கடைசிக் கட்டத்தில் 'உடம்பு எப்படி இருக்கிறது'. தினமும் எழுத வேண்டுமாம். நான் நாலாம் வகுப்பு வரை போனவன். அதிலும் பாதி நாள் கண்மாயில் கிடந்தேன். ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும்.

முன்பக்கம் சிஸ்டருக்கு. அதில் இட்லி இரண்டு என்று எழுதினேன். நோட்டைத் தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கம் எனக்கு. இட்லி ஐந்து.

என்ன தொழில் என்று சிஸ்டர் கேட்டார். கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க் கம்பெனி, நான்தான் பாகு மாஸ்டர் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சுகர்காரன் ஒருவன் முப்பது வருஷமாக வெல்லக் கொப்பரைக்கு முன்னால் நிற்கிறான் என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். மோந்து பார்த்தாலே ஏறுமா சிஸ்டர் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காத ஆட்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம். எதையோ உள்ளே வைத்திருப்பார்கள்.

பிறகு பாதத்துக்கு ஒரு சோதனை. நைலான் நரம்பு ஒன்றை வைத்து அங்கங்கே தொடுவார். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் 'தெரியுது' என்று சொல்ல வேண்டும். எதிரே ஒரு கண்ணாடி பீரோ. அரைக் கண் திறந்தால் சிஸ்டரின் கை எங்கே போகிறது என்று அதில் பளிச்சென்று தெரிகிறது. பத்துக்குப் பத்து. பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு பீரோ இருந்திருந்தால் நான் கலெக்டராகியிருப்பேன்.

ஜூலை 11

கடலை மிட்டாய் என்றால் எல்லாரும் கடலையைத்தான் பேசுகிறார்கள். கடலையை யாரும் வறுக்கலாம். பாகுதான் மிட்டாய். அரை நிமிஷம் முந்தினால் பல்லில் ஒட்டும், அரை நிமிஷம் பிந்தினால் கசக்கும். மற்ற மாஸ்டர்கள் கிண்ணத்துத் தண்ணீரில் பாகைச் சொட்டவிட்டு, ஆறின பிறகு எடுத்து உருட்டிப் பார்ப்பார்கள். நான் விரலை நனைத்துக்கொண்டு கரண்டியிலிருந்தே கிள்ளி எடுப்பேன். சுடாது. முன்பெல்லாம் சுட்டது. ஐந்தாறு வருஷமாகச் சுடுவதே இல்லை, கை தேறிவிட்டது. வெளியூர் வியாபாரிகள் வந்தால் முதலாளி அவர்களைக் கொப்பரைப் பக்கம் அழைத்துவந்து என் கையைக் காட்டுவார். அப்போது கொஞ்சம் கூடுதலாகவே விரலை விடுவேன்.

உருட்டின பாகைத் தட்டில் எறிந்தால் டங் என்று கேட்க வேண்டும். கேட்டதும் 'விடு' என்பேன். உலகு கடலையைக் கொட்டுவான்.

உலகு என்கிற உலகநாதன் பதினைந்து வருஷமாக எனக்கு இரண்டாம் கை. நாற்பது வயது. ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தை பேசினால் அதிகம். மீதியை அவனுக்காக நான் பேசிவிடுகிறேன். ஊமைக் கோட்டான் என்று கூப்பிட்டாலும் கோபம் வராது. இதுவும் சந்தேகப்பட வேண்டிய குணம்தான்.

ஜூலை 18

கேஸ். காலையில் தின்ற மொச்சைக் குழம்பின் வேலை. பத்து மணிக்கு மூன்றாவது கொப்பரை ஓடும்போது வேர்த்துக் கொட்டியது. அடுப்படியில் வேர்க்காமல் என்ன செய்யும். ஆனால் இது குளிர்ந்த வேர்வை. தாடை கூசியது, வெற்றிலைச் சுண்ணாம்பு கூடிப்போயிருக்கும். வாந்தி வருகிற மாதிரி இருந்து வரவில்லை. நெஞ்சு வலி எதுவும் இல்லை, தெளிவாக எழுதிவைக்கிறேன்.

நான் பதம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். மரியாதை இல்லாமல். அவனைப் பார்த்து ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தேன், என்ன சொல்ல வந்தேன் என்று மறந்துவிட்டது. வெல்ல மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். கோலி சோடா இரண்டு. ஏப்பம் வந்தது. சரியாகிவிட்டது.

அந்தக் கொப்பரை முறுகிக் கசந்துவிட்டது. முப்பது வருஷத்தில் என் கையில் கெட்ட முதல் கொப்பரை. வெல்லம் சரியில்லை. உலகு பார்த்து இறக்கின வெல்லம்.

ஜூலை 19

விரல் நுனி மூன்றில் தோல் வெள்ளையாக உரிந்து தொங்குகிறது. வலி இல்லை. முன்பக்கத்தில் 'நல்லா இருக்கு' என்று எழுதினேன்.

ஜூலை 27

எங்கள் வீடு மாடியில். பதினெட்டுப் படி. இன்று நடுவில் நின்று மூச்சு வாங்கினேன். கட்டின கொத்தனார் படியை உயரமாக வைத்துத் தொலைத்திருக்கிறான். இருபத்திரண்டு வருஷமாக இதை நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன் பாருங்கள்.

ஆகஸ்ட் 9

செருப்பு சுருங்கிவிட்டது. சாயங்காலமானால் வாரைப் போட முடியவில்லை. கடைக்காரனிடம் மழையில் நனையாத செருப்பு எப்படி ஐயா சுருங்கும் என்று கேட்டேன். அவன் செருப்பைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தான். தப்பு செய்தவன் அப்படித்தான் பேச்சை மாற்றுவான்.

ஆகஸ்ட் 16

யாரோ இந்த நோட்டைத் தொடுகிறார்கள்.

நான் அரிசி டப்பாவுக்குப் பின்னால் எப்போதும் நோட்டின் தைத்த முதுகு உள்ளே இருக்கும்படி வைப்பேன். நேற்று முதுகு வெளியே இருந்தது. வீட்டில் இருப்பது நானும் என் மனைவி ஆவுடைத்தாயும் மட்டும். ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்து ஏழு வருஷம். ஆவுடை பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல். எட்டாவது வரை படித்தவள், என்னைவிட வேகமாக வாசிப்பாள்.

முகத்துக்கு நேரே கேட்டால் பிடிபடாது. ஒரு கடலைத் தோலைப் பக்கங்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். பார்க்கலாம்.

ஆகஸ்ட் 18

தோலைக் காணவில்லை. வேறு ஒரு தோல் இருக்கிறது. என்னுடையது சிவப்பு, இது கொஞ்சம் கறுத்தது. சத்துணவுக் கடலை போல.

ஆகஸ்ட் 24

இன்று ஞாயிறு, அரை நாள் வேலை. கை கழுவிவிட்டு வெளியே வந்தால் முதலாளியின் அறையிலிருந்து ஆவுடை வெளியே வருகிறாள். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகினாள். எதற்கு வந்தாய் என்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உடைந்த மிட்டாய் கேட்க வந்ததாகச் சொன்னாள். கை வெறுங்கையாக இருந்தது.

முப்பது வருஷத்தில் அவள் அந்தப் படி ஏறினது மகள் கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது மட்டும்தான். வீடு வரைக்கும் நான் கேலி பேசிக்கொண்டே வந்தேன். அவளும் சிரித்துக்கொண்டே வந்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 4

இப்போது எல்லாம் விளங்குகிறது.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவன் வந்து, நீளமான கம்பி ஒன்றைக் கொப்பரைக்குள் விட்டான். கம்பியின் தலையில் பாகின் சூடு நம்பராக ஓடுகிறது. நூற்றைம்பது வந்ததும் கூவுகிறது. இது இருந்தால் பதம் பார்க்க ஆளே வேண்டாமாம். முதலாளி தலையாட்டினார். உலகு கம்பியைக் கையில் வாங்கி, பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

அவன் சரியில்லை. நான் 'விடு' என்று சொன்ன பிறகு, கடலையைத் தூக்கப் போகிற சாக்கில் கிண்ணத் தண்ணீரில் பாகைச் சொட்டவிட்டு உருட்டுகிறான். நான் திரும்பினால் கையைத் துண்டில் துடைக்கிறான். தொழிலைத் திருடுகிறான். பதினைந்து வருஷமாக ஊமை வேஷம் போட்டதே இதற்குத்தான்.

செப்டம்பர் 9

மிட்டாய் செய்கிறவர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒருமுறை உடம்பு நல்லபடியாக இருக்கிறது என்று டாக்டர் சர்டிபிகேட் வாங்க வேண்டும். வழக்கமாக நகத்தைப் பார்ப்பார்கள், நாக்கை நீட்டச் சொல்வார்கள், அத்தோடு சரி. இந்த வருஷம் முதலாளி எல்லாரையும் வேனில் ஏற்றி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நெஞ்சில் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இருபத்தாறு பேருக்கும் ஆளுக்கு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. என்னை மட்டும் உட்காரச் சொன்னார்கள்.

பிறகு இருட்டு அறையில் படுக்கவைத்து, நெஞ்சில் பசையைத் தடவி எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். டிவியில் என் இதயம் தெரிந்தது. ஆட்டு ஈரல் மாதிரி இருந்தது. கிலோ என்ன விலை டாக்டரம்மா என்று கேட்டேன். அவரும் சிரிக்கவில்லை.

சொன்னார். இதயத்தின் ஒரு பக்கத்துச் சுவர் சரியாக அசையவில்லை. எனக்கு ஏற்கனவே ஒரு அட்டாக் வந்து போயிருக்கிறது. சில மாசத்துக்குள் வந்திருக்கலாம். பம்பிங் நாற்பதுதான் இருக்கிறது.

"முப்பத்தஞ்சு வாங்கினாலே பாஸ் தானே?" என்றேன்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கிறவங்களுக்கே அறுபதுதான். நீங்க நூத்துக்குக் கணக்குப் பாக்காதீங்க."

நெஞ்சு வலி வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். மூச்சு வாங்கியதா, குளிர்ந்து வேர்த்ததா என்று கேட்டார். இல்லை, இல்லை. சுகர் நாள்பட்டவர்களுக்கு வலியே தெரியாமல் அட்டாக் வந்து போகும் என்றார். பத்து நாளுக்குள் திருநெல்வேலியில் ஆஞ்சியோ பார்க்க வேண்டும். அடைப்பு இருந்தால் அடுத்தது எப்போது வரும், எப்படி வரும் என்று சொல்ல முடியாது. அதுவரை அடுப்புப் பக்கம் நிற்கக் கூடாது.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குப் பொறி தட்டியது. அடுப்புப் பக்கம் நிற்கக் கூடாது என்று எந்த ஸ்கேனிலாவது தெரியுமா? கம்பிக்காரன் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 10

வலிக்காத அட்டாக்காம். பல் பிடுங்கினால் வலிக்கிறது, முள் குத்தினால் வலிக்கிறது. (முள் குத்தினால் வலிக்குமா என்று நேற்று யோசித்துப் பார்த்தேன். கடைசியாக எப்போது குத்தியது என்று நினைவில்லை.)

ஸ்கேன் அறைக்கு வெளியே என் பக்கத்தில் ஒரு ஒல்லி மனிதர் உட்கார்ந்து இருமிக்கொண்டே இருந்தார். ஒரே பசை, ஒரே டிவி. அவருடைய படத்தை என் கவரில் போட்டுவிட்டார்கள். பாவம், அவர் நல்லா இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு எங்கேயோ பஜ்ஜி தின்றுகொண்டிருப்பார்.

தீபாவளி ஆர்டர் தலைக்கு மேலே இருக்கிறது, முடிந்ததும் ஆஞ்சியோவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆவுடையிடம் சொன்னேன். அவள் என் சோற்றில் பாதியைத் திரும்பப் பானைக்குள் போட்டாள்.

செப்டம்பர் 11

மருந்துக் கடைக்காரரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி இங்கிலீஷ் பெயரை வாசிக்கச் சொன்னேன். என் பெயர் கொம்பையா என்றுதான் இருக்கிறதாம். வயது ஐம்பத்து நாலு. அங்கே பிடித்தேன். எனக்கு ஐம்பத்தாறு. என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்து, அதிலேயே ஐம்பத்து நாலு என்று தப்பாக இருக்கிறது என்றார். அப்படியானால் ரிப்போர்ட்டில் பாதி பொய் என்று ஆகிவிட்டதல்லவா என்றேன். அவர் அடுத்த ஆளுக்கு இருமல் மருந்து எடுக்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 13

யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி விருதுநகர் போனேன். அங்கே வேறு ஸ்கேன் சென்டர். இந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியாது, முதலாளியையும் தெரியாது. படம் எடுத்த பையனிடம் எதையும் சொல்லவில்லை. பக்கத்தில் இருமுகிறவர் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படுத்தேன்.

நாற்பது என்று வந்திருக்கிறது.

இரண்டு ஸ்கேன்காரர்களும் ஒரே இடத்தில் படித்திருப்பார்கள்.

செப்டம்பர் 14

விருதுநகர் கவரை வெல்ல மூட்டைக்கு அடியில் வைத்தேன். முன்பக்கத்தில் அதைப் பற்றி எழுதவில்லை.

செப்டம்பர் 17

கொப்பரை விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. டாக்டர் சீட்டைக் காட்டி முதலாளி உட்காரச் சொன்னார். இந்த ஆர்டர் முடியட்டும் என்று நின்றுவிட்டேன். தீபாவளி நெருக்கத்தில் அவருக்கும் வேறு வழியில்லை.

இன்று உலகுவைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று திட்டம் போட்டேன். ஏழாவது கொப்பரையில் விரலால் பார்த்து, தட்டில் எறிந்து, 'விடு' என்று சொல்லிவிட்டு, வெளியே போகிற மாதிரி போய் மூட்டை அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவன் விடவில்லை. கிண்ணத்தில் பாகைச் சொட்டவிட்டான். எடுத்து உருட்டினான். கரண்டியால் இன்னும் ஏழெட்டுச் சுற்றுக் கிண்டினான். மறுபடி உருட்டினான். தட்டில் எறிந்தான், டங் என்றது. அப்புறம்தான் கடலையைக் கொட்டினான்.

நான் சொன்ன பதம் பதமே இல்லை. அந்த டங் எனக்கு மூட்டைக்குப் பின்னால் நன்றாகக் கேட்டது. முதலில் நான் எறிந்தபோது அது கேட்கவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. விரலை நம்பி, காதை விட்டிருக்கிறேன்.

வெளியே வந்து கேட்டேன். "ஏலே, எத்தனை நாளா இந்த வேலை?"

கரண்டியை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"ஆடியில இருந்து அண்ணாச்சி. அந்தக் கொப்பரை கசந்துச்சுல்ல, அன்னைக்கு நீங்க கரண்டிப் பாகுக்குள்ள விரல விட்டுட்டு எடுக்கவே இல்ல. அப்படியே நிக்கீக. முகம் வெளுத்துப் போச்சு. தோல் வேகுற வாடை எனக்கு வருது, நீங்க எங்கிட்ட என்னமோ கேலி பேசப் போறீக. நான்தான் கையப் பிடிச்சு இழுத்தேன்."

வெல்லத்தில் கோளாறு என்று அப்போதே சொல்லவேண்டியதுதானே என்று கேட்டேன். அதற்கு அர்த்தமே இல்லை, ஆனாலும் வாயில் அதுதான் வந்தது.

"வெல்லத்துல கோளாறுன்னு நீங்க சொன்னீக. சரின்னு வச்சுக்கிட்டேன். உங்க விரலுல கோளாறுன்னு நான் எப்படிச் சொல்ல?"

அவன் மேல் எனக்கு இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஊமைக் கோட்டான் என்று சொன்னேன். பழக்க தோஷம்.

செப்டம்பர் 18

ஆஸ்பத்திரியில் கொடுத்த பத்து நாளில் ஒன்பது போய்விட்டது.

இன்று வேலைக்குப் போகவில்லை. ஆவுடை பள்ளிக்கூடம் போனபிறகு இந்த நோட்டை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடிகிறது. எழுதும்போது நான் நல்ல தமாஷ்காரன் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். வாசிக்கும்போது வேறு யாரோ ஒருவன் தெரிகிறான். குளிர்ந்த வேர்வை என்று எழுதியிருக்கிறான். தாடை கூசியது என்கிறான். அடுத்த வாரம் படி உயர்ந்துவிட்டது என்கிறான். அதற்கடுத்து செருப்பு சுருங்கிவிட்டது என்கிறான்.

ஜூலை பதினெட்டுக்குப் பக்கத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. அது என் கோடு இல்லை. நான் பேனாவில்தான் எழுதுவேன்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். நூலோடு தைத்த நோட்டு. ஒரு தாளைக் கிழித்தால் மறுபக்கத்தில் இன்னொரு தாள் கழன்று வரும். அது முன்பக்கத்துத் தாள், 'நல்லா இருக்கு' என்று எழுதினது. இரண்டையும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டது.

செப்டம்பர் 19

ஆவுடை வந்ததும் நோட்டை அவள் மடியில் வைத்தேன். கடலைத் தோலை மாற்றி வைத்தாயே, நிறத்தையாவது பார்த்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

அவள் மறைக்கவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் நோட்டு கண்ணில் பட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் வாசித்திருக்கிறாள். ஐந்து இட்லியைப் பொறுத்துக்கொண்டாளாம். ஜூலை பதினெட்டைப் பொறுக்க முடியவில்லையாம். அவள் வேலை செய்கிற பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரின் வீட்டுக்காரர் இப்படித்தான் கேஸ் என்று சொல்லிச் சோடா குடித்தார், மறுநாள் இல்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு ஜெபக்கனி சிஸ்டரிடம் ஓடியிருக்கிறாள். சிஸ்டர் உடனே நெஞ்சுக்குப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதைத்தான் முதலாளியிடம் போய்க் கேட்டிருக்கிறாள். சர்டிபிகேட் சாக்கில் எல்லாருக்கும் ஈசிஜி எடுங்கள், அவருக்கு மட்டும் என்றால் வரமாட்டார் என்று.

அப்படியென்றால் நான் சந்தேகப்பட்டது சரிதான். எல்லாரும் சேர்ந்துதான் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

"இத்தனை பேர்ட்ட சொன்னவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? ஒரு கேலியச் சொல்லி என்னையச் சிரிக்க வச்சிருப்பீங்க. நானும் சிரிச்சுத் தொலச்சிருப்பேன். அதுக்குத்தான் பயந்தேன்."

எனக்கு அதற்கும் ஒரு கேலி வந்தது. வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

செப்டம்பர் 22

சுகர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் போனோம். வெல்ல மூட்டைக்கு அடியில் இருந்த கவரையும் எடுத்துப் போனேன், ஒரு மூலையில் எறும்பு மொய்த்திருந்தது. சிஸ்டர் சொல்லியிருப்பார், டாக்டர் நோட்டின் பின்பக்கத்தைக் கேட்டார். நானே பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். ஜூலை பதினெட்டை இரண்டுமுறை வாசித்தார். "இந்த நாள்தான்" என்றார். திருநெல்வேலிக்கு அங்கேயே போன் போட்டு வெள்ளிக்கிழமைக்கு இடம் வாங்கினார். காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இனி கேஸ், சுண்ணாம்பு, கொத்தனார் என்று காரணம் சொன்னால் தன்னிடம் வர வேண்டாம் என்றார்.

விரல் விஷயத்தைச் சிஸ்டர்தான் விளக்கினார். பாகு சுடாததும் நெஞ்சு வலிக்காததும் ஒரே சமாசாரம். உடம்பில் சேதி கொண்டுபோகிற நரம்பெல்லாம் சுகரில் நனைந்து செத்துக்கொண்டு வருகிறது. கை தேறவில்லை, மரத்துவிட்டது. அந்த மரத்த கையைத்தான் முதலாளி வியாபாரிகளுக்குக் காட்டியிருக்கிறார், நானும் பெருமையாக நீட்டியிருக்கிறேன்.

மறுபடியும் நைலான் நரம்புச் சோதனை. அதே நாற்காலி, எதிரே அதே பீரோ.

"நாற்காலியத் திருப்பிப் போடுங்க சிஸ்டர்" என்றேன்.

"எதுக்கு?"

"பீரோவுல உங்க கை தெரியுது. போன தடவை அதப் பாத்துத்தான் சொன்னேன்."

சிஸ்டர் எழுந்தார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். முதல் தொடுதலுக்காகக் காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே யாருக்கோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். ஆவுடையின் வளையல் ஒருமுறை குலுங்கி நின்றது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆரம்பிங்க சிஸ்டர்."

"முடிஞ்சிருச்சு அண்ணாச்சி" என்றார்.

செப்டம்பர் 23

கம்பி வாங்கியாகிவிட்டது. நான் சந்தேகப்பட்டதில் இது ஒன்றாவது அப்படியே பலித்தது. முதலாளி என்னை அழைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வா, அப்புறம் பேசலாம் என்றார். என்ன பேசுவார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உலகுவிடம் கரண்டியைக் கொடுத்தேன். அவன் வாங்கித் துடைத்துத் துடைத்து வைத்தான். வார்த்தைக் கணக்கு இந்த மாசத்துக்குத் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

செப்டம்பர் 26

திருநெல்வேலி. காலை ஏழரை. பச்சைச் சட்டை ஒன்று போட்டுவிட்டிருக்கிறார்கள், முதுகில் முடிச்சு. முதுகுப் பக்கம் காற்று வருகிறது. ஒன்பது மணிக்கு உள்ளே கூட்டிப்போவார்களாம். அடைப்பு இருந்தால் அங்கேயே ஸ்டென்ட் வைத்துவிடுவார்களாம். இரண்டு மூன்று அடைப்பு இருந்தால் வேறு பேச்சாம். அந்த வேறு பேச்சு என்ன என்று கேட்ட ஆவுடையை டாக்டர் வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார். எனக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறார்கள். போகட்டும், இன்று ஒருநாள் யாரையும் வேவு பார்ப்பதாக இல்லை.

எட்டு மணிக்கு உலகு போன் செய்தான். ஹலோகூடச் சொல்லவில்லை. "அண்ணாச்சி, காதக் குடுங்க" என்றான். கொப்பரை கொதிக்கிற சத்தம் கேட்டது. பின்னால் அந்தக் கம்பி கூவியது. முதலாளி ஏதோ சொன்னார். பிறகு தட்டில் பாகு விழுந்த ஓசை.

"கம்பி நூத்தம்பது காட்டுது. விடலாமா?"

"இன்னொருக்க எறி."

எறிந்தான். ஓசையில் அடியில் கொஞ்சம் ஈரம் இருந்தது. நேற்று மழை, வெல்லம் தண்ணீர் விட்டிருக்கும். அது கம்பிக்குத் தெரியாது.

"இன்னும் அரை நிமிஷம்லே" என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை. கரண்டி சுற்றுகிற சத்தம் எனக்கு இங்கே, கட்டிலில் கேட்டது. எண்ணிக்கொண்டே இருந்தேன். மறுபடி எறிந்தான். டங்.

"விடு."

கடலை விழுந்தது. ஆவுடை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

கை கழுவிவிட்டு, நோட்டைத் திருப்பி முன்பக்கத்துக்கு வந்திருக்கிறேன். சிஸ்டரின் கட்டங்கள். எட்டு நாளாக ஒன்றும் எழுதாமல் காலியாகக் கிடக்கின்றன. அதற்கு முன்னால் மேலிருந்து கீழ்வரை 'நல்லா இருக்கு', 'நல்லா இருக்கு', 'நல்லா இருக்கு'. இன்றைய தேதியைப் போட்டேன். காலைச் சாப்பாடு: இல்லை, சாப்பிடக் கூடாது என்றார்கள். மாத்திரை: போட்டாச்சு, ஆவுடை பார்த்தாள்.

உடம்பு எப்படி இருக்கிறது: பயமாக இருக்கிறது.